நாவிற்கு வரைந்த படம்

உண்ணும் பொருளின் சுவையை அறிவது எந்த உறுப்பு என்று ஒரு சிறுபிள்ளையை வினவினால், அது சற்றும் தயங்காது நாக்கை நீட்டிக் காட்டும். முதியோரை வினவினாலும் மறுமொழி வேறாக இராது. சுவை நாவிற்கு உரியது, மணம் மூக்கிற்கு உரியது, நிறம் கண்ணிற்கு உரியது என்று ஒவ்வொரு புலனுக்கும் தனித்தனி எல்லை வகுத்துக்கொள்வது மனிதரின் இயல்பு. ஆயினும், உணவைச் சுவைக்கும் செயலில் இவ்வெல்லைகள் நிலைப்பதில்லை. ஒரு கவளத்தை உண்பதில் ஐம்புலனும் கூடித் தொழிற்படுகின்றன என்பதை மனிதர் ஐயமறக் கண்டறிவதற்கு நெடுங்காலம் சென்றது. அந்த வழியிலே நேர்ந்த ஒரு தவறு பல தலைமுறை மாணவரின் பாடநூல்களில் உண்மைபோல் வீற்றிருந்தது. அத்தவற்றின் வரலாறு அறியத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளின் பாடநூல்களில் நாவின் படம் ஒன்று காணப்பட்டது. ஒரு தேசத்தை மாகாணங்களாகப் பிரிப்பதுபோல் அப்படத்தில் நாவு பிரிக்கப்பட்டிருந்தது. நுனியில் இனிப்பு, அதனை அடுத்த ஓரங்களில் உவர்ப்பு, அவற்றிற்குப் பின்னே இரு பக்கங்களிலும் புளிப்பு, அடிநாவில் கைப்பு என்று ஒவ்வொரு சுவைக்கும் ஒவ்வோரிடம் குறிக்கப்பட்டிருந்தது. மாணவர் அதனை மனனஞ் செய்தனர். பரீட்சைகளில் வரைந்து புள்ளிகளும் பெற்றனர். ஆனால் பாவற்காய்த் துண்டொன்றை நாவின் நுனியிலே வைத்துப் பார்த்த எவரும் அங்கேயே கைப்பை உணர்ந்திருப்பர். படம் பொய் என்பதை நிறுவுவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, சமையலறையே போதுமானது. அவ்வாறிருந்தும் அப்படம் எவ்வாறு தோன்றியது? எவ்வாறு நிலைத்தது?

இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், முன்னோர் சுவையை எவ்வாறு வகுத்தனர் என்பதை நோக்குதல் நன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் வரிசையால் அடுக்குகின்றது. உடம்பினால் உற்றறியும் அறிவு முதலாவது. அதன்மேல் நாவும், மூக்கும், கண்ணும், செவியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறுதியிலே மனம் வருகின்றது. சுவையைப் பொறுத்தமட்டில் தமிழ் மரபு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என ஆறினை எண்ணிற்று. சித்த மருத்துவமும் ஆயுள்வேதமும் இவ்வாறு சுவைகளையே அடிப்படையாகக் கொண்டு உணவின் குணத்தையும் மருந்தின் குணத்தையும் விளக்கின.

கிரேக்க நாட்டிலே அரிஸ்டோட்டில் இனிப்பையும் கைப்பையும் இரு முனைகளாக வைத்து, ஏனைய சுவைகளை அவற்றிடையே நிறுத்தினார். அவர் கூறிய வகைகளிலும் கார்ப்பும் துவர்ப்பும் இடம்பெறுகின்றன. அன்றியும், சுவைத்தல் என்பது தொடுதலின் ஒரு வகையே என்றும் அவர் கருதினார். இரு வேறு தேசங்களின் மரபுகளும் காரத்தையும் துவர்ப்பையும் சுவையென்றே கொண்டமை நினைவில் வைக்கத்தக்கது. பிற்காலத்து ஆய்வாளர் இவ்விரண்டையும் சுவைப் பட்டியலினின்றும் நீக்கினர். எனினும் முன்னோர் கணக்கிலும் ஒரு நுட்பம் இருந்ததென்பது பின்னர் புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்விடயம் சோதனைக்கு உட்படலாயிற்று. 1824ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் மிக எளிய சோதனை ஒன்றினைக் கைக்கொண்டார். மூக்கை விரல்களால் இறுக மூடிக்கொண்டு பொருள்களை வாயிலிட்டு, அவை தரும் உணர்ச்சிகளில் எவை மறைகின்றன, எவை எஞ்சுகின்றன என்று நோக்கினார். மூக்கை மூடியவிடத்து மறைவன யாவும் மணத்தின் பாற்பட்டவை. எஞ்சுவன நாவின் சுவையும் தொடுவுணர்ச்சியுமே என்று அவர் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டின் இறுதியில், நீதிபதியாகப் பணிபுரிந்த பிரில்லா சவரன் என்பார் சுவையின் இயல்பு பற்றிய தமது நூலைப் பாரிசு நகரிலே வெளியிட்டார். மூக்கின் துணையின்றிச் சுவை முழுமை பெறாது என்பதை அவரும் அந்நூலில் வற்புறுத்தினார்.

இச்சோதனையை எவரும் வீட்டிலே செய்து பார்க்கலாம். மூக்கை இறுக மூடிக்கொண்டு ஏலக்காய் இட்ட பாயசத்தை அருந்தினால், இனிப்பு மாத்திரம் தோன்றும். ஏலக்காய் இருந்த இடம் தெரியாது. விரலை எடுத்த கணமே ஏலம் எழுந்து வரும். தடிமன் பிடித்த நாளிலே சோறும் கறியும் சப்பென்றிருப்பதும் இதனாலேயே. அந்நாளில் நாவு பழுதுற்றதன்று. மூக்கின் வழி அடைபட்டது. வாயிலே மெல்லப்படும் உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கை அடைகின்றது. ஆனால் அந்த மணம் வாயிலிருந்து எழுவதுபோலத் தோன்றுவதால், மூக்குச் செய்யும் தொழிலின் புகழ் முழுவதும் நாவையே சேருகின்றது.

செவ்ரலின் வழியே ஆய்வு தொடர்ந்திருந்தால் மூக்கின் பங்கு விரைவில் விளங்கியிருக்கலாம். ஆனால் ஆய்வாளரின் கவனம் நாவின்மீதே குவிந்தது. 1867ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த லோவென், ஜெர்மனியைச் சேர்ந்த சுவால்பே என்னும் இருவரும், ஒருவரையொருவர் சாராது, நாவின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுவையரும்புகளை விவரித்தனர். சுவையை அறியும் கருவியே கண்முன் கிடைத்துவிட்டது. இனி அது எவ்விடத்தில் எச்சுவையை அறிகின்றது என்று அளப்பதே அடுத்த பணியாயிற்று.

அப்பணியை மேற்கொண்டவருள் ஒருவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த ஹேனிக் என்பவராவார். அந்நகரிலேதான் பேராசிரியர் வுண்ட் 1879ஆம் ஆண்டில் உளவியலுக்கெனப் புகழ்பெற்ற ஆய்வுகூடத்தை அமைத்திருந்தார். ஹேனிக் இனிப்பு, உவர்ப்பு, புளிப்பு, கைப்பு ஆகிய நான்கு கரைசல்களை நாவின் பல இடங்களிலும் சிறிது சிறிதாக இட்டு, எவ்விடத்தில் எத்துணைச் சிறிய அளவிலேயே சுவை புலப்படுகின்றதென்று அளந்து, 1901ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். நுனியில் இனிப்பும், பின்னே கைப்பும், ஓரங்களில் புளிப்பும் சற்றுக் கூடிய நுட்பத்துடன் உணரப்படுகின்றன என்பது அவர் கண்டது. ஓரிடத்தில் ஒரு சுவை மாத்திரமே உணரப்படும் என்று அவருடைய அளவைகள் காட்டவில்லை. இடத்துக்கிடம் இருந்த வேறுபாடு சிறிதேயாம்.

தவறு பின்னரே நேர்ந்தது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் போரிங், புலனுணர்ச்சி ஆராய்ச்சியின் வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதினார். ஹேனிக்கின் அளவைகளை அதில் வளைகோடுகளாக வரைந்து காட்டினார். ஒவ்வொரு சுவையும் மிகக் கூடுதலாக உணரப்படும் இடம் கோட்டின் உச்சியாகவும், குறைவாக உணரப்படும் இடம் அதன் அடியாகவும் அமைந்தது. உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள உண்மையான தூரம் எவ்வளவு என்பது அப்படத்தில் விளங்கவில்லை. படித்தோர், கோடு தாழ்ந்த இடத்தில் உணர்ச்சியே இல்லையென்று கருதிக்கொண்டனர். 'சற்றுக் குறைவு' என்பது 'இல்லை' என்றாயிற்று. 'சற்றுக் கூடுதல்' என்பது 'இங்கு மாத்திரமே' என்றாயிற்று. பாடநூல் எழுதியோர் அதனை மேலும் எளிமையாக்கி நாவை நான்கு மாகாணங்களாகப் பிரித்தனர். அளந்தவரின் கவனக்குறைவாலன்றி, அளவையைப் பிறர் சுருக்கிய முறையாலேயே இத்தவறு பிறந்தது.

இதனிடையே அதே லைப்சிக் நகரில் வாழ்ந்த வேறொருவரின் வரலாறும் இங்கே கூறத்தக்கது. யப்பானிய இரசாயன அறிஞர் கிக்குனே இக்கேடா, 1899ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ ஈராண்டுகள் அந்நகரில் பேராசிரியர் ஒஸ்வால்ட் என்பாரிடம் பயின்றார். தக்காளி, பாற்கட்டி, இறைச்சி முதலியவற்றில் நால்வகைச் சுவைக்குள்ளும் அடங்காத ஒரு பொதுச்சுவை இருப்பதை அவர் உணர்ந்தார். தாயகம் மீண்டபின், யப்பானியர் 'கொம்பு' என்னும் கடற்பூண்டை இட்டுக் காய்ச்சும் சாற்றிலே அச்சுவை மிகுந்து நிற்பதைக் கண்டார். 1908ஆம் ஆண்டில் அதற்குக் காரணமான குளூட்டமிக்கு அமிலத்தைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மறு ஆண்டிலேயே அதன் உப்பு 'அஜினோமோட்டோ' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. இலங்கைக் கடைகளிலும் அப்பெயர் பின்னர் பழகிப்போயிற்று. இக்கேடாவின் கட்டுரை யப்பானிய மொழியில் இருந்தமையால், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2002ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. ஒரே காலத்தில் ஒரே நகரில் வாழ்ந்த இருவருள், ஒருவருடைய ஆய்வு தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு உலகெங்கும் பரவிற்று. மற்றவருடைய கண்டுபிடிப்பு உண்மையாயிருந்தும் மேனாட்டாரின் ஒப்புதலுக்குப் பல பத்தாண்டுகள் காத்திருந்தது.

நாவின் படத்தை மீண்டும் சோதிக்கும் எண்ணம் 1974ஆம் ஆண்டில் வேர்ஜீனியா கொலிங்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளருக்குத் தோன்றிற்று. ஹேனிக் கண்டவாறே வேறுபாடுகள் உள்ளன என்பதையும், அவை மிகச் சிறியன என்பதையும் அவர் காட்டினார். நரம்புகளைப் பற்றிய அறிவும் இதற்குத் துணைநின்றது. நாவின் முற்பகுதியிலிருந்து சுவையைக் கொண்டுசெல்லும் நரம்பு நடுச்செவியின் ஊடாகச் செல்கின்றது. செவியிற் செய்யும் சத்திரசிகிச்சையால் சிலருக்கு அந்நரம்பு பழுதுறுவதுண்டு. படம் உண்மையாயின், அவர்கள் இனிப்பை அறவே இழக்க வேண்டும். அவ்வாறு நேர்வதில்லை. 2000ஆம் ஆண்டினை ஒட்டிய சில வருடங்களில் இனிப்பு, கைப்பு, உமாமி ஆகியவற்றை ஏற்கும் புரதங்கள் கண்டறியப்பட்டபோது எஞ்சிய ஐயமும் நீங்கிற்று. நாவின் எல்லாப் பகுதிகளிலுமுள்ள சுவையரும்புகள் எல்லாச் சுவைகளையும் அறியவல்லன. உமாமியும் அடிப்படைச் சுவைகளுள் ஒன்றென்று நிலைபெற்றது.

ஏனைய புலன்களும் தத்தம் உரிமையை மீளப் பெற்றன. 1991ஆம் ஆண்டில் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்னும் இரு அமெரிக்க அறிஞர் மணத்தை ஏற்கும் புரதங்களுக்குரிய பெருங்குடும்பத்தைக் கண்டறிந்து, 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் மூக்கில் இத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை உள்ளன. நாவிற்கு ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்க அடிப்படைச் சுவைகளே உள்ளன. மாம்பழத்தையும் அன்னாசியையும் வேறுபடுத்துவதற்கும், கறிவேப்பிலையையும் இரம்பையிலையையும் பிரித்தறிவதற்கும் பெரும்பாலும் உதவுவது மூக்கேயாகும்.

கண்ணின் வலிமையை அறிஞருக்கு முன்பே வணிகர் அறிந்திருந்தனர். 1869ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலே வெண்ணெய்க்கு மாற்றாக மாஜரீன் கண்டுபிடிக்கப்பட்டது. இயல்பில் அது வெளிறிய நிறமுடையது. மஞ்சள் நிறம் ஊட்டப்பட்டபோது மக்கள் அதனை விரும்பி வாங்கினர். வெண்ணெய் உற்பத்தியாளரின் நலன் காக்க விரும்பிய அமெரிக்க மாநிலங்கள் சில, மாஜரீனுக்கு இளஞ்சிவப்பு நிறமே ஊட்டவேண்டுமென்று சட்டம் இயற்றின. நியூ ஹாம்சயர் மாநிலம் 1891ஆம் ஆண்டில் இயற்றிய அத்தகைய சட்டத்தை, 1898ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. சிவந்த வெண்ணெயை எவரும் உண்ண விரும்பார் என்பதைச் சட்டம் இயற்றியோர் நன்கு உணர்ந்திருந்தனர். 2001ஆம் ஆண்டில் பிரான்சின் போர்தோ நகரத்து ஆய்வாளர், வெள்ளைத் திராட்சை மதுவிற்கு மணமற்ற சிவப்பு நிறம் ஊட்டி, மதுக்கலை பயிலும் மாணவர் 54 பேரிடம் கொடுத்தனர். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவிற்குரிய சொற்களாலேயே விவரித்தனர். பயிற்சி பெற்றோரின் மூக்கும் கண்ணின் வழியே சென்றது.

செவியும் உண்கின்றது என்று கூறினால் நகைப்பிற்கு இடமாகலாம். எனினும் பருத்தித்துறை வடையை வாங்குவோர் அதனை ஒடித்துப் பார்த்து ஓசையைக் கேட்பது நகைப்பிற்குரியதன்று. 2004ஆம் ஆண்டில் சம்பினி, ஸ்பென்ஸ் என்னும் இருவர், உருளைக்கிழங்குச் சீவலைக் கடிக்கும்போது எழும் ஓசையை ஒலிவாங்கியிற் பிடித்து, உண்பவருடைய செவிகளுக்கே உடனுக்குடன் திருப்பி ஒலிக்கச்செய்தனர். ஓசை உரத்து ஒலித்தபோது சீவல் மொறுமொறுப்பாயிருப்பதாகவும், ஓசை தணிந்தபோது பதம் கெட்டுவிட்டதாகவும் உண்டோர் கூறினர். சீவலோ ஒரே வகையானது. மாறியது ஓசை மாத்திரமே.

இறுதியாக எஞ்சுவது தொடுவுணர்ச்சி. முன்னோர் சுவையென்று எண்ணிய கார்ப்பும் துவர்ப்பும் இங்கேதான் மீண்டும் வருகின்றன. பாலிடாத தேயிலைச் சாயத்தை அருந்தும்போது வாயில் உலர்ந்து சுருங்கும் உணர்ச்சி உண்டாகின்றது. சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு சேர்ந்து அதன் வழுவழுப்பைக் கெடுப்பது இதற்குக் காரணமாகும். உறைப்போ சூட்டையும் நோவையும் சார்ந்த உணர்ச்சி. மிளகாயின் காரப்பொருள், கொதிக்கும் பொருளைத் தொட்டால் விழித்தெழும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றது என்று டேவிட் ஜூலியஸ் என்பாரின் குழுவினர் 1997ஆம் ஆண்டில் கண்டனர். 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருள் அவரும் ஒருவர். ஆகவே உறைப்பான கறி வாயைச் சுடுகின்றது என்று சொல்வது வெறும் உவமையன்று.

மிளகாய் தமிழருக்குத் தொன்றுதொட்டு உரியதுமன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, 1492ஆம் ஆண்டில் கொலம்பசின் பயணத்திற்குப் பின்னரே கடல் கடந்தது. ஆசியாவிற் பரவியதில் போர்த்துக்கேயருக்குப் பெரும் பங்குண்டு. அதற்கு முன் தமிழர் கார்ப்பென்று அறிந்தவை மிளகும், திப்பிலியும், இஞ்சியும் போன்றவையே. புதிதாய் வந்த காய்க்கு மிளகின் பெயராலேயே மிளகாய் என்று பெயர் வழங்கினர். உருவத்திலும் நிறத்திலும் இரண்டிற்கும் ஒற்றுமை இல்லை. வாயில் எழுப்பும் எரிவு ஒன்றே ஒற்றுமை. மிளகின் காரப்பொருளும் அதே ஏற்பியையே தூண்டுகின்றது என்று இன்று அறியப்படுகின்றது. பெயரிட்ட மக்கள் நாவின் அனுபவத்தைப் பிழையின்றி மதிப்பிட்டிருந்தனர்.

இவ்வரலாற்றால் அன்றாட வாழ்விற்கு விளையும் பயன் யாதென வினவலாம். 2020ஆம் ஆண்டில் கொவிட் நோய் உலகெங்கும் பரவியபோது எண்ணற்றோர் மணமறியும் ஆற்றலை இழந்தனர். மூக்கிலே மணமறியும் நரம்புகளைத் தாங்கிநிற்கும் உயிரணுக்களை அக்கிருமி தாக்கியது. பாதிக்கப்பட்டோரிற் பலர், நாக்குச் செத்துவிட்டது என்றே கூறினர். உணவில் விருப்பற்று மெலிந்தோரும் உளர். மூக்கே பழுதுற்றது என்று அறிந்தவிடத்து மருந்தின் வழியும் தெளிவாகின்றது. 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர், றோசா, யூக்கலிப்டசு, எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் இருவேளை முகர்ந்து பழகும் பயிற்சியால் நோயாளர் பலர் ஓரளவு நலம் பெற்றதை வெளியிட்டிருந்தனர். அப்பயிற்சி கொவிட் காலத்திலே பலருக்கு ஆறுதலளித்தது.

நோயின்றியும் முதுமையில் மணமறியும் ஆற்றல் குன்றுவது இயல்பு. வீட்டிலுள்ள முதியவர், கறியில் முன்னைய ருசி இல்லை என்று முறையிடும்போது, சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறைகூறுகின்றாரென்று இளையோர் மனம் வருந்துவதுண்டு. அம்முறையீடு பெரும்பாலும் உண்மையே. மாறியது கறியன்று, உண்பவரின் மூக்கு. அத்தகையோர் சுவையைத் தேடி உப்பையும் சீனியையும் கூட்டிக்கொள்வது உடலுக்குத் தீங்காகலாம். எலுமிச்சைச் சாறும், வறுத்தரைத்த சரக்கின் மணமும், கண்ணுக்கினிய நிறமும், மொறுமொறுப்பான ஒரு பொரியலும், உடனிருந்து உண்போரின் பேச்சும் அவர்களுடைய உணவிற்குச் சேர்க்கப்படுமாயின், குன்றிய புலனின் குறையை ஏனைய புலன்கள் ஓரளவு நிரப்பும்.

பாடநூலிலிருந்த நாவின் படம் பொய்யென்று கண்டபின்னும், பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுவதில் ஒரு நன்மை உண்டு. படத்தைக் கொடுத்து, கூடவே சிறிது சீனியும், உப்பும், புளியும், ஒரு பாவற்காய்த் துண்டும் கொடுத்து, இது மெய்யா என்று நீங்களே பாருங்கள் என்று கூறலாம். அச்சில் வந்ததெல்லாம் உண்மையென்று கொள்ளாது சோதித்தறியும் பழக்கத்தைப் பிள்ளைகள் தம் நாவினாலேயே கற்றுக்கொள்வர். பேராசிரியர் வரைந்த படத்தைப் பல பத்தாண்டுகளாக மறுக்கத் துணியாத உலகிற்கு, அத்தகைய பிள்ளைகள் மிகவும் வேண்டியவர்கள்.